ஏழாம் நம்பர் டம்பரின் கியர் பெட்டி

புத்தகத்தில் எட்டு என்று போட்டிருந்தது. கொளஞ்சி மூன்று தடவை எண்ணிவிட்டாள், ஏழுதான் வந்தது. எண்ணெய்த் தட்டில் ஊறிக்கொண்டிருந்த புதுக் கிளட்ச் தகடுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தூக்கி, வழியவிட்டு, பக்கத்துத் தட்டில் வைத்து, மறுபடி எண்ணி, மறுபடி ஏழு. எட்டு அனுப்ப வேண்டிய இடத்தில் ஏழு அனுப்பியிருக்கிறான் பாவி என்று, பெட்டி கட்டி அனுப்பிய முகம் தெரியாத ஆளை வைதாள். எண்ணிப் பார்க்காமல் வாங்கி வைத்த ஸ்டோர்காரனை வைதாள். அப்புறம் ஐந்தாவது தகடு மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருப்பது விரலுக்குத் தெரிந்து, நகத்தை விட்டு நெம்பினால், எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கிடந்தன. எட்டு. சரியாக எட்டு. வைததெல்லாம் வீண். ஆனாலும் வைததைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு யாரையாவது வைதுகொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது. காலை எட்டரை மணியிலிருந்தே அப்படித்தான். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். காரணம் அந்தக் கிரீஸ் டப்பா மூடியில் இருந்தது, அதன்மேல் அவள் துடைக்கிற துணியைப் போட்டு மூடி வைத்திருந்தாள், அந்தப் பக்கம் பார்க்காமலே அரை நாள் வேலை பார்த்துவிட்டாள், பார்க்காமல் இருப்பதற்கே பாதி உடம்பு வலித்தது.

சொரசொரப்பான தகடு ஒன்று, வழவழப்பான இரும்புத் தகடு ஒன்று, மாற்றி மாற்றி அடுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை என்று யாராவது வந்து பார்த்தால் சொல்லுவார்கள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அவ்வளவுதான். கியர் பெட்டின்னா கியர் பெட்டிதானே என்று மேனேஜர் சொன்னார், ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒன்பது நாளைக்கு முன்னால். கல் சுமக்கிற, கியர் தானாக மாறுகிற ஆட்டோமேட்டிக் டம்பர்கள் இந்தச் சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதற்கென்று படித்துவிட்டு வந்த ஒரே ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான், வண்டி செய்த கம்பெனிக்காரன் வர இன்னும் இருபது நாள் ஆகும் என்கிறான், அதனால் கொளஞ்சி பிரிக்கட்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக இந்தப் பட்டறையில் சாதா கியர் பெட்டிகளைப் பிரித்திருக்கிறாள், மூட்டியிருக்கிறாள். அதில் பல் இருக்கும், தண்டு இருக்கும், எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இது அப்படியா. இதில் எண்ணெய்தான் தள்ளுகிறது. எங்கோ ஒரு பம்பு எண்ணெயை உறிஞ்சி, ஊசி நுழைகிற ஓட்டைகள் வழியாக அனுப்பி, அந்த எண்ணெயின் அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் நகர்ந்து, இந்தத் தகடுகளையெல்லாம் சேர்த்து நெரித்துப் பிடித்தால்தான் வண்டி நகரும். அழுத்தம் குறைந்தால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தகடும் தகடும் உரசிக் கருகும். இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போர்மேன் கனகசபாபதியின் பீரோவில் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த புத்தகத்தை ஒன்பது நாளைக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தார்கள், இங்கிலீஷ் புத்தகம், வார்த்தைக்கு வார்த்தை போனில் தட்டி அர்த்தம் பார்த்துப் பார்த்து அவளாகத் தெரிந்துகொண்டது. நிலம் கொடுத்தவங்க கோட்டாவில் வந்தவள் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுகிற வாய்கள் எல்லாம் இப்போது எங்கே போயின. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துப் பாஸ் செய்ததை யாரும் சொல்லமாட்டார்கள், சுரங்கத்துக்குக் கொடுத்த அப்பாவின் நாலு ஏக்கர் முந்திரியைத்தான் சொல்லுவார்கள்.

மூன்றாவது இரும்புத் தகட்டை இறக்கியபோது பல் உட்காரவில்லை. தட்டக் கூடாது என்று புத்தகம் சொல்லுகிறது. சாதா பெட்டியாக இருந்தால் மரச் சுத்தியலால் ஒரு தட்டு, உட்கார்ந்துவிடும். இதைக் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி மாட்டவேண்டியிருக்கிறது. அவள் திருப்பினாள். தகரக் கூரையின் வெக்கை பிடரியில் இறங்கியது. செயின் பிளாக்கில் தொங்குகிற பெட்டியின் வெளிக்கூடு, குடலை எடுத்த ஆடு மாதிரி, அவள் தலைக்கு மேலே அசையாமல் நின்றது. அறுபது டன் வண்டி. அறுபது டன் கல்லோடு மேட்டில் ஏறுகிற வண்டி இந்தத் மெல்லிசான தகடுகளின் பிடியில்தான் நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்டு அரை மணி நேரத்தில், சுரங்கத்தின் அடியிலிருந்து ரேம்ப்பில் ஏறிக்கொண்டிருந்த ஏழாம் நம்பர் அந்தப் பிடியை விட்டது. என்ஜின் கத்தியது, வண்டி ஏறவில்லை, நின்றது, அப்புறம் பின்னால் வர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தும் ஈர மண்ணில் சக்கரம் சறுக்கியது. பின்னால் தண்ணீர் லாரி. அதில் ஆள். ஓட்டியவர் அடைக்கலராஜ், பத்தொன்பது வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர், ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியின் பின்பக்கத்தை ஓரத்து மண் அணையில் சாத்தினார். தண்ணீர் லாரிக்காரன் பிழைத்தான். அடைக்கலராஜுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது சஸ்பென்ஷன். மேட்டில் கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிட்டார் என்று அறிக்கை. இன்றைக்கு மூன்று மணிக்கு விசாரணை. யாராவது மேட்டில், அறுபது டன்னோடு, நியூட்ரலில் போடுவானா. போடுவான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதுகிற கைக்கு என்ன, மேட்டில் ஏறுவது எழுதுகிற கையா.

தகடு உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும், ஆனால் ஆத்திரம்தான் வந்தது, ஏனென்றால் கை ஓய்ந்தால் கண் அந்தத் துணிப் பக்கம் போகிறது. போகட்டும். அதில் என்ன இருக்கிறது. காலையில் பம்பு எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடையை மண்ணெண்ணெயில் அலசினாள். சல்லடைக் கண் முழுக்கச் செம்பு நிறத்தில் புழு புழுவாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். ரப்பர் மாதிரி நீண்டு, பட்டென்று அறுந்தது. ஒரு கணம்தான். அது என்னவென்று ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது, தெரிந்ததைத் தெரியாததாக்க அவள் நாலு மணி நேரமாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள். கசிவை அடைக்கப் பட்டறையில் எப்போதும் இருப்பது கறுப்புப் பசை. ஏப்ரல் மாதம் ஒரே ஒரு தடவை கறுப்பு தீர்ந்துபோய், டவுனிலிருந்து செம்பு நிறப் பசை ஒரு டியூப் வாங்கி வந்தார்கள். அந்த டியூப் பிதுக்கப்பட்டது ஒரே ஒரு வண்டிக்கு. ஏழாம் நம்பருக்கு எண்ணெய் மாற்றும்போது அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் வைக்கிற பேக்கிங் கிழிந்துபோயிருந்தது. ஸ்டோரில் புதுப் பேக்கிங் இல்லை. எழுதிப் போட்டால் பதினைந்து நாள் ஆகும். வண்டி மதியம் சுரங்கத்தில் நிற்கவேண்டும். “பேஸ்ட் வச்சு மூடிவிடும்மா” என்றார் கனகசபாபதி, கையில் டீ டம்ளரோடு, வண்டிக்குக் கீழே படுத்திருந்த அவளைக் குனிந்துகூடப் பார்க்காமல். அவள் வைத்தாள். கசியக் கூடாது என்று தாராளமாகவே வைத்தாள். விளிம்பு முழுக்க விரலால் வழித்து வழித்து, தடிமனாக, ஒரு இடைவெளி இல்லாமல். போல்ட்டை முறுக்கியபோது வெளியே கொஞ்சம் பிதுங்கியது, அதைத் துடைத்தாள். உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள். மூன்று நாள் கழித்துக் கனகசபாபதி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொளஞ்சி வச்சா ஒரு சொட்டுக் கசியாது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அவள் அன்று வீட்டுக்குப் போய் அதைப் புருஷனிடம் சொன்னாள். சொன்னாளே, அதை நினைத்தால்தான் இப்போது காது சுடுகிறது. பெருமையாகச் சொன்னாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

இன்றைக்குக் காலையில்தான் தெரியும். அதைத் தனக்குத்தானே அழுத்திச் சொல்லிக்கொண்டாள். இன்றைக்குக் காலை எட்டரைக்கு முன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது, பிரிக்காத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எவளுக்குத் தெரியும். நாலாவது சொரசொரப்பு. நாலாவது வழவழப்பு. ஆனால் புத்தகத்தில் அந்த ஒரு பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கம், கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், தொட்டி விளிம்பில் பசை எதுவும் தடவக் கூடாது, உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும் என்று. ஒன்பது நாளைக்கு முன்னால், புத்தகம் கைக்கு வந்த அன்றே, அதைப் படித்துவிட்டாள். போனில் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அந்த வரி மட்டும் அவளுக்கு நேராகவே புரிந்தது. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். திருப்பினாளே. எல்லாப் புத்தகத்திலும் எல்லாமும்தான் எழுதியிருக்கிறார்கள், ஆயிரம் கூடாது எழுதியிருக்கிறார்கள், தலைக் கவசம் இல்லாமல் பட்டறைக்குள் வரக் கூடாது என்றுகூடச் சுவரில் எழுதியிருக்கிறது, மேனேஜர் போடுகிறாரா. சரி, ஒன்பது நாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது நாள் ஒரு குற்றமா. பிரித்துப் பார்த்துத்தானே சொல்லமுடியும். பிரித்துப் பார்க்காமல் வாயைத் திறந்தால் கோட்டாவில் வந்தவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கமாட்டார்களா. ஐந்தாவது. வண்டி உருண்ட வெள்ளிக்கிழமை பட்டறையே ஓடியது, அவளும் ஓடினாள், ரேம்ப்பின் பாதியில் அவள் கால் நின்றுவிட்டது, மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள். ஏன் நின்றாள். மூச்சு வாங்கியது, அதனால் நின்றாள். மூச்சு வாங்கியதா. ஏழாம் நம்பர் என்று யாரோ கத்தியதும் நின்றாள்.

“உள்ளாற வரலாமா” என்று குரல் கேட்டது. அடைக்கலராஜ், இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு, பட்டறை வாசலின் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். சஸ்பென்ஷனில் இருக்கிறவர் உள்ளே வரக் கூடாது. விசாரணைக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி மடிப்புக் கலையாத சட்டை, அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. இந்த வெயிலில் இந்தக் காலோடு இந்த ஆளை யார் வரச்சொன்னது. “வெயில்ல ஏண்ணே நிக்கிறீங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க” என்றாள். அவர் உட்காரவில்லை. “தகடு கருகியிருந்துச்சாமே” என்றார். “கருகித்தான் இருந்துச்சு.” “நியூட்ரல்ல போட்டா தகடு கருகுமா கொளஞ்சி?” கருகாது. நியூட்ரலில் தகடும் தகடும் பிடிப்பதே இல்லை, அப்புறம் எங்கே உரசும், எங்கே கருகும். ஒன்பது நாளில் கற்றுக்கொண்டதில் இது முதல் பாடம். “எனக்கென்னாண்ணே தெரியும்” என்றாள் கொளஞ்சி, “நானே இதுக்குப் புதுசு.” சொல்லிவிட்டு ஆறாவது தகட்டை எடுத்து எண்ணெயை வழியவிட்டாள். அவர் தலையாட்டினார். “புதுசுன்னாலும் நீ கரெக்டா செய்வே. நான் அங்க அதத்தான் சொல்லப்போறேன், பெட்டியப் பிரிச்சது கொளஞ்சி, அது என்னா பாத்துச்சோ அதக் கேளுங்கன்னு.” கட்டையை ஊன்றி ஊன்றி அலுவலகப் பக்கம் நடந்தார். பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தார்.

என்னை ஏன் இழுக்கிறார். அவரை நான் இழுத்தேனா. கொளஞ்சிக்குக் கொதித்து வந்தது. அவர் சாமர்த்தியமாக ஓட்டினார், சரி, ஒரு உயிரைக் காப்பாற்றினார், சரி, அதற்காக நல்லவர் மாதிரி வந்து வாசலில் நின்று நீ கரெக்டாகச் செய்வாய் என்று சொல்லிவிட்டுப் போவது என்ன நியாயம், வைதுவிட்டுப் போகலாமே. வைதால் திருப்பி வையலாம். எல்லாரும் ஆளுக்கொரு கையைக் கழுவிக்கொண்டு கடைசியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து எண்ணெய் ஊறின இந்தக் கையில்தான் வைப்பார்கள். பேக்கிங் வாங்கி வைக்காதவன் ஸ்டோரில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். பேஸ்ட் வை என்றவர் டீ குடிக்கிறார். மதியத்துக்குள் வண்டி வேண்டும் என்ற மேனேஜருக்கு ஏப்ரலில் அதிகக் கல் எடுத்ததற்குக் கேடயம் கொடுத்தார்கள், அது அவர் மேசையில் இருக்கிறது. தடவினவள் தடவினாள். தடவினவள் மட்டும்தான் மிச்சம். அந்த மே மாதம், ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில் அடைக்கலராஜ் வந்து சொன்னதும் இப்போதுதான் நினைவுக்கு வரவேண்டுமா. “ஏத்தத்துல வழுக்குற மாதிரி இருக்கு கொளஞ்சி, என்ஜின் எகிறுது, வண்டி இழுக்கல, கொஞ்சம் பாரேன்.” வண்டிக் கோளாறு எழுதுகிற நோட்டில்கூட எழுதினார், இரண்டு தடவை. அவள் என்ன சொன்னாள். வாயில் சோற்றோடு, எல்லாம் தெரிந்தவள் மாதிரி, ஆட்டோமேட்டிக் அப்படித்தாண்ணே இருக்கும் என்றாள். அப்போது அவள் ஒரு ஆட்டோமேட்டிக் பெட்டியின் உள்ளே ஒரு மூலையைக்கூடக் கண்டதில்லை. தெரியாது என்று சொல்ல என்ன கேடு. தெரியாது என்று சொன்னால் ஒன்பது வருஷமாகக் கோட்டா கோட்டா என்றவர்கள் ஜெயித்துவிடுவார்கள், அதுதான் கேடு. அவர் சரி கொளஞ்சி என்று போய்விட்டார். நம்பிப் போய்விட்டார். போய் மேட்டில் ஏறினார், தினமும் பதினான்கு நடை ஏறினார்.

எட்டும் எட்டும் அடுக்கி முடித்து, மேலே வளையத்தை மாட்டி, மெல்லிய அளவுத் தகட்டை இடுக்கில் விட்டு இடைவெளி பார்த்தாள். புத்தகம் சொன்ன அளவுக்குள் இருந்தது. காற்றுக் குழாயை எடுத்து, பிஸ்டனுக்கு எண்ணெய் போகிற ஓட்டையில் வைத்து, லேசாக அழுத்தினாள். தொப் என்று ஒரு சத்தம். பிஸ்டன் நகர்ந்து பதினாறு தகடுகளையும் ஒரே இறுக்காக இறுக்கியது, காற்றை எடுத்ததும் மூச்சு விட்ட மாதிரி தளர்ந்தது. மறுபடி அழுத்தினாள். தொப். எங்கேயும் காற்று கசியவில்லை. இது நல்ல வேலை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், முதல் தடவையே, இது சுத்தமான வேலை, அவளுக்குத் தெரியும், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்த நொடியில்தான் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது, அதையும் கோபமாக மாற்றிக்கொண்டாள். கனகசபாபதி பின்னால் வந்து நின்றிருந்தார். “சபாஷ்” என்றார். “பிஸ்டன் வேலை செய்யுதுல்ல. அப்ப சாயங்காலத்துக்குள்ள கூட்டுக்குள்ள எறக்கிடலாம். பழைய தகடு, சல்லடை எல்லாத்தையும் ரெண்டரைக்குள்ள ஸ்கிராப்புக்கு அனுப்பிடு. விசாரணைக்கு வர்றவங்க இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாலும் பாப்பாங்க, எடம் சுத்தமா இருக்கட்டும்.”

கொளஞ்சி துணியை எடுத்துவிட்டு டப்பா மூடியை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. “என்னது இது?” “ஏப்ரல்ல வச்ச பேஸ்ட்டு சார். சல்லடை பூரா இதான். எண்ணெய் உறிஞ்ச முடியாம அழுத்தம் கொறைஞ்சிருக்கு. அதான் மேட்டுல விட்டிருக்கு. அவரு நியூட்ரல்ல போடல.” கனகசபாபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். “யார் வச்சா?” என்றார், குரலை ஏற்றாமல். “நீங்க சொன்னீங்க, நான் வச்சேன்.” “நான் சொன்னது எங்கம்மா இருக்கு? வேலைச் சீட்டுல உன் கையெழுத்துதான் இருக்கு.” அவர் மிரட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை, அதுதான் பொறுக்கவில்லை, மாத்திரை எப்போது சாப்பிடவேண்டும் என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில், “உனக்காகத்தாம்மா நியூட்ரல்னு எழுதினேன். பெட்டியில கோளாறுன்னு எழுதினா கடைசியா கை வச்சது யாருன்னு கேப்பாங்கல்ல. அவரு யூனியன் ஆளு, பத்து நாள் வெளிய இருந்துட்டு எப்படியும் உள்ள வந்துடுவாரு. நீ போனா வர முடியுமா? யோசிச்சுப் பாரு” என்றார். தோளில் தட்டப் போன கையை, பொம்பளை என்று நினைவு வந்து, வழியிலேயே மடக்கிக்கொண்டு போனார்.

உனக்காக. அந்த ஒரு வார்த்தை அவள் காதுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. எனக்காக ஒரு மனுஷன் காலை ஒடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பத்தொன்பது வருஷத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்துக் கெஞ்சவேண்டும். எனக்காக. என்னை யார் கேட்டார்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். என்றிருப்பாளா. கழுவின சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். மூன்று வாரமாக ஒருத்தரும் அவளிடம் ஏப்ரல் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அது ஏன் என்று அவளும் ஒருத்தரையும் கேட்கவில்லை. அறிக்கையில் நியூட்ரல் என்று எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகத் தூங்காதவள் அன்றைக்குத் தூங்கினாள். அதை இத்தனை நாளாக எங்கே ஒளித்து வைத்திருந்தாள். கனகசபாபதி பொய் எழுதினார், அந்தப் பொய்க்குக் கீழே அவள் பாய் விரித்துப் படுத்தாள், இப்போது அவர் அதைச் சொல்லிக்காட்டுகிறார் என்று கோபம். கோபம் நியாயமானதுதான். அந்த ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதினார், உனக்காக என்பதும் பொய்தான், ஸ்டோரில் பேக்கிங் இல்லாததும் நிஜம்தான், புத்தகத்தைப் பூட்டி வைத்ததும் நிஜம்தான், அத்தனை கோபமும் நியாயம்தான். அத்தனை நியாயத்தையும் அடுக்கி முடித்த பிறகும் செம்பு நிறப் புழு மூடியில் அப்படியே கிடக்கிறது. புருஷனுக்குப் போன் போடலாமா என்று எடுத்தாள். அவர் என்ன சொல்லுவார், பேசாமல் இரு என்பார், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்பார், அதுவும் நியாயம்தான். போனைப் பைக்குள் போட்டாள்.

இரண்டே முக்காலுக்கு அவள் அடுக்கி முடித்த கிளட்ச்சின் மேல் தூசி விழாமல் சுத்தமான துணி ஒன்றைப் போட்டு மூடினாள். சல்லடை, கருகின தகடு ஒன்று, டப்பா மூடி, புத்தகம். நாலையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அலுவலகம் வரைக்கும் நாலு நிமிஷ நடை, வழி பூரா வாயில் என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் பேக்கிங் இல்லை என்று ஆரம்பிக்கவேண்டும். இல்லை, போர்மேன் சொன்னார் என்று ஆரம்பிக்கவேண்டும். நான் அதிகாரி கிடையாது, சொன்னதைச் செய்கிறவள் என்று ஆரம்பிக்கலாம். அறைக் கதவைத் தள்ளியபோது ஏ.சி.க் காற்று முகத்தில் அடித்தது. வெளியூரிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, மேனேஜர், கனகசபாபதி, ஓரத்து நாற்காலியில் காலை நீட்டி அடைக்கலராஜ். தட்டை மேசையில் வைத்தாள். எண்ணெய் சொட்டி விரிப்பில் பரவியது, அதிகாரி கோப்பை இழுத்துக்கொண்டார். “யாரும்மா நீங்க?” “ஏழாம் நம்பர் பெட்டியப் பிரிச்சவ சார். ஏப்ரல்ல அதுக்குப் பேஸ்ட்டு வச்சவளும் நான்தான்” என்றாள். அப்படி ஆரம்பிப்பதாக அவள் நினைக்கவே இல்லை. ஆரம்பித்த பிறகு மிச்சமெல்லாம் தானாக வந்தது: பேக்கிங் இல்லாதது, வைக்கச் சொன்னது யார், புழு, சல்லடை, கருகின தகடு, நியூட்ரலில் தகடு கருகாது என்பது, நாற்பத்தொன்றாம் பக்கம். கனகசபாபதி இரண்டு தடவை குறுக்கே வந்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அவள் பேசி முடித்துவிட்டு அடைக்கலராஜைப் பார்த்தாள். அவர் சல்லடையைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்க்கவில்லை.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?” என்றார்.

இன்றைக்குக் காலை எட்டரை. அது நாக்கின் நுனியிலேயே இருந்தது, அதில் பொய்யும் இல்லை, கண்ணால் பார்த்தது எட்டரைக்குத்தான், கோர்ட்டில் சொன்னாலும் நிற்கும். “வண்டி உருண்ட அன்னைக்கே சந்தேகம்ண்ணே” என்றாள் கொளஞ்சி. “ஏழாம் நம்பர்னு கேட்டதுமே எனக்குப் பேஸ்ட்டுதான் ஞாபகம் வந்துச்சு.” அடைக்கலராஜ் கட்டைகளை எடுத்து மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டார். அவர் நன்றி சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்தாளா, எதிர்பார்க்கவில்லை என்றால் இப்போது ஏன் முகம் இப்படிச் சுடுகிறது. காலையிலிருந்து ஊர் முழுக்க வைதவளுக்கு இந்த முகத்தைப் பார்த்து வைய ஒரு வார்த்தைகூட வரவில்லை, தேடினாள், இல்லை. “மூணு வாரம்” என்றார் அவர், அவளிடம் இல்லை, அதிகாரியிடம். “அதையும் எழுதிக்கங்க சார்.”

அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டே, “பேர் என்ன?” என்று கேட்டார். சொன்னாள். அவர் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டு, மேசைமேல் குனிந்து, எண்ணெய் படாத விரல் எது என்று பார்த்து, அந்த விரலால் காட்டினாள்.

“கொலஞ்சி இல்ல சார். பெரிய ள. கொ, ள, ஞ், சி.”

அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதும்வரை அவள் அங்கேயே நின்றாள்.